பூவரசடியில் ஒரு சைபர்

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கேன். பத்தொம்பது நாளு, அக்கா. காலைல ஆறு மணிலருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். ஒரே எடம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ தலைய நிமித்தி, யாரு எங்கன உக்காந்திருக்கா, யாரு நிக்கா, யாரு நடந்து போறான்னு பாத்து மேப்புல புள்ளி வச்சிருக்கேன். ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட அந்தப் பதினஞ்சி நிமிசத்துக்குள்ள ஓடிட்டு ஓடி வந்திருக்கேன். இன்னொருத்தன் டீக்கடைல உக்காந்து பஜ்ஜி தின்னுக்கிட்டே புள்ளி வச்சிருக்கான். ரெண்டு மேப்பையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுனா எத நல்லாருக்குன்னு சொல்லணும்? நீங்களே சொல்லுங்க.

நின்னுக்கிட்டே ஏன் கேக்கிய, உக்காருங்க. எம்புட்டு எடம் கெடக்கு. மரத்தச் சுத்தி இந்தத் திண்டுல வட்டமா இருவது பேரு உக்காரலாம், டேப்பு வச்சி அளந்திருக்கேன். இந்தா, என் பைய எடுத்து இங்கிட்டு வச்சிக்கிடுதேன். ...வேண்டாமா? சரி, நில்லுங்க. ஒங்க இஷ்டம். இந்த ஊரு பொம்பளையாளுக யாரும் இதுல உக்கார மாட்டாவன்னு என் தீசிஸ்ல நாப்பத்தேழாம் பக்கத்துல எழுதியே வச்சிருக்கேன். நீங்க இப்ப அதுக்கு சாட்சி.

ஒங்க பேரு என்னக்கா? ...சொல்ல வேண்டாம்னா விடுங்க. எம் பேரு ஜெப்ஸி. சாத்தான்குளம். நான் படிக்கித படிப்புக்கு எங்கூர்ல ஒருத்தருக்கும் பேரு சொல்லத் தெரியல. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்னு எங்கப்பா சர்ச்சுல வச்சி சொன்னாரு. பக்கத்து பெஞ்சு அங்கிள் ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, ஓ, தோட்ட வேலையான்னு கேட்டாரு. எங்கப்பா ஆமான்னுட்டாரு. ஏழு வருசப் படிப்பு, ஒரு ஆமாவுல முடிஞ்சிட்டு. தோட்டம் இல்லக்கா. பார்க்கு, பீச்சு, பஸ் ஸ்டாண்டு, நாலு பேரு வந்து இருக்குத எடம் எல்லாம் எங்க சோலி. எங்கன பெஞ்சு போடணும், எங்கன மரம் வைக்கணும். வைக்கதுக்கு முன்னால அங்கன யாரு வாறாவ, எம்புட்டு நேரம் இருக்காவ, எத்தன மணிக்கி வெயிலு எங்கிட்டு விழுதுன்னு பாக்கணும். அப்படிப் பாக்கதுக்கு ஒரு மொறை இருக்கு. அந்த மொறைக்கு மட்டும் மூணு மாசம் பாடம். எங்கம்மை கேக்கா, ஏளா, சும்மா பாக்கதுக்கு மூணு மாசம் ஃபீசான்னு. நான் அன்னைக்கி சாப்பிடல, கோவத்துல.

கேக்கிய இல்லா? ஒங்களுக்கு சோலி கெடக்குன்னா சொல்லிருங்க. நான் பேச ஆரமிச்சா நிப்பாட்ட மாட்டேன்னு ஹாஸ்டல்ல எல்லாரும் சொல்லுவாளுவ. என்னமோ கேக்கணும்னு வந்த மாரி இருந்திச்சி. ...இருங்க, இத முடிச்சிருதேன்.

இந்த ஆரஞ்சு ஜாக்கெட்டப் பாக்கிய. சிரிக்காதிய. இதுக்கும் ரூல் இருக்கு. ஆளுகள ஒளிஞ்சி நின்னு பாக்கக் கூடாது, நாம ஆராய்ச்சி பண்ணுதோம்னு பாக்கவனுக்குத் தெரியணும். காலேஜ்ல ஒரு ஃபாரத்துல கையெழுத்து வாங்கிருக்காவ. எல்லாரும் கையெழுத்து போட்டுட்டு மறந்துட்டானுவ. நான் மறக்கல. எங்கண்ணன் ஹார்பர்ல கண்டெய்னர் யார்டுல இருக்கான், அவன்ட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். முதுகுல பட்டி பட்டியா மின்னும். தூரத்துல வார லாரிக்காரனுக்கே தெரியும்னா கிட்டக்க இருக்குத ஆளுக்குத் தெரியாதா? வெயிலுக்கு வெள்ளத் தொப்பி. கழுத்துல ஐடி கார்டு. கைல ரிஜிஸ்தரு, கிளிப்பு வச்ச அட்ட. நாலு பேனா, நாலு கலரு. பச்சைன்னா உக்காந்திருக்காவ, நீலம்னா நிக்காவ, செவப்பு நடக்காவ, கருப்பு வேற என்னமும். எம் மேல ஒருத்தன் ஒரு குத்தம் சொல்ல முடியாது.

அந்த ரெக்ஸு என்ன போட்டுருந்தான் தெரியுமா? சாரம். சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு, பனியனோட.

ரெக்ஸு எங்க கிளாசு. புன்னைக்காயல்காரன். எங்க நேசக்குமார் சார்தான் ரெண்டு பேருக்கும் இந்தக் கடற்கர ரோட்டப் பங்கு வச்சிக் குடுத்தது. அந்தா அந்த டீக்கடைலருந்து வடக்க ரெக்ஸு. டீக்கடைக்குத் தெக்க, இந்தப் பூவரச மரம், இந்த வட்ட திண்டு, அங்கிட்டு பூட்டிக் கெடக்குத ஐஸ் கம்பெனி செவுரு வரைக்கும் நானு. செவுத்துல எனக்கு எல்லக்கோடு. செவப்புக் கோடு. அதுக்கு அந்தப் பக்கம் வானமே இடிஞ்சி விழுந்தாலும் நான் எழுதக் கூடாது. அப்படி எழுதுனா மேப்பு மேப்பா இருக்காது. ரெக்ஸுக்கு இதெல்லாம் கெடையாது. டீக்கடை பெஞ்சுல உக்காந்து கடைக்கார அண்ணாச்சிகிட்ட புட்பால் கத பேசிக்கிட்டு, ஒரு பழைய நோட்டுல பென்சில் வச்சி கிறுக்கிக்கிட்டு இருந்தான். வார போற ஆளெல்லாம் அவன்ட்ட மாப்ள, மச்சான்னு சொல்லிட்டுப் போனாவ. ஒரு நாளு எவனோ ஒருத்தன் அவன் பக்கத்துல உக்காந்து, பொண்ணு வீட்டுக்காரன் எப்படியெல்லாம் இழுத்தடிக்கான்னு முக்கா மணி நேரம் பொலம்பிருக்கான். அதையும் எழுதி வச்சிருக்கான் கோட்டிப்பய. அது ஆராய்ச்சியா? நான் கேக்கேன், அது ஆராய்ச்சியாக்கா?

நேத்து ரிவியூ. செவுத்துல எல்லார் மேப்பும் ஒட்டிருக்கு. ரெக்ஸு மேப்பப் பாத்தா சீனி டப்பாவத் தொறந்து போட்ட மாரி. ஒரே எறும்பு. எங்க பாத்தாலும் புள்ளி. எம் மேப்புல ரோட்டுல செவப்பு இருக்கு, பீச்சு ஓரத்துல நீலம் இருக்கு, பரவால்ல. இந்த மரத்துகிட்ட மட்டும் வெள்ள. பால் மாரி வெள்ள. ஒரு பச்சப் புள்ளி கெடையாது. சைபரு.

நேசக்குமார் சார் ரெக்ஸு மேப்பு முன்னாடி அஞ்சி நிமிசம் நின்னாரு. இதுல உசுரு இருக்குன்னாரு. எம் மேப்புக்கு வந்தாரு. கண்ணாடியக் கழத்துனாரு, தொடச்சாரு, போட்டாரு. இம்புட்டு நல்ல நெழலு, கடக்காத்து, நல்ல ஒசரத்துல திண்டு, இதுல பத்தொம்பது நாளும் ஒரு ஆளும் உக்காரலியான்னு கேட்டாரு. உக்காரல சார்னேன். நெசமாவான்னாரு. பாத்தியளா, ரெக்ஸப் பாத்து ஒரு தடவ நெசமாவான்னு கேக்கல. எனக்கு காது சூடாயிட்டு. சார், நீங்க சொல்லிக் குடுத்த மொறப்படிதான் எண்ணிருக்கேன், மொறை தப்புன்னா நீங்க சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கே கொஞ்சம் திக்குன்னு இருந்திச்சி. ஆனா சொன்னது சொன்னதுதான்.

அப்பம் இந்த ரெக்ஸு பின்னாடிலருந்து சொல்லுதான், "ஏளா ஜெப்ஸி, ஒன் மூஞ்சியப் பாத்து பயந்து ஓடிருப்பாவ."

கிளாசே சிரிக்கு. நான் விடுவேனா? ஒன் மேப்புல பாதி புள்ளி பஜ்ஜி எண்ணெ சொட்டுலேன்னேன். அதுக்கும் சிரிச்சாவ, ஆனா ரெக்ஸுக்குச் சிரிச்ச மாரி சிரிக்கல. அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. என் பதிலு நல்ல பதிலு. இல்லியா?

தண்ணி குடிக்கிய? ...வேண்டாமா. மணி ஒண்ணரைதான் ஆகுது. என்ன ரோட்டயே பாக்கிய. பஸ்ஸுக்கா? இங்கன பஸ்ஸு நிக்காது. ஒரு நாளைக்கி நாலு பஸ்ஸு போவும், ஒண்ணும் நிக்காது. அதையும் எண்ணி வச்சிருக்கேன்.

சரி, வெறும் புள்ளிய நம்பலன்னா விடுங்க, கேட்டும் பாத்தேன்லா. கேள்வித்தாள். நாப்பது பொம்பளையாளுக. இந்த ரோட்டுல வந்தவ போனவ எல்லாரையும் மறிச்சி நிப்பாட்டி கேட்டேன். இந்த மரத்தடில உக்காருவியளா? இல்லம்மா. எப்பமாது உக்காந்திருக்கியளா? இல்லம்மா. நாப்பது பேரும் இல்லம்மா. ஏன் உக்காருததில்லன்னு கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்கல. அதுல ஒரு கேள்வி, இந்த எடத்துல எம்புட்டு பாதுகாப்பா உணருதிய, ஒண்ணுலருந்து அஞ்சிக்குள்ள ஒரு நம்பரு சொல்லுங்கன்னு. ஒரு அம்மா ஒன் இஷ்டம் போட்டுக்கோன்னுட்டு போயிட்டு. ஒருத்தி, போன மாசம் ரேசன்ல போட்ட அரிசிக்கா நம்பரு கேக்கன்னு கேக்கா. இன்னொருத்தி, எனக்குப் பேரும் எழுத வேண்டாம் நம்பரும் எழுத வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டா. கும்பிடுதாக்கா. எனக்கு இருவத்துமூணு வயசு.

நாப்பது பேரு இல்லன்னு சொல்லுதாவ, மேப்புல சைபரு இருக்கு. ரெண்டும் ஒத்துப் போவுது. இதுக்கு மேல ஒருத்தி என்ன செய்யணும்?

அதுக்குத்தான் நாப்பத்தேழாம் பக்கம். ஏன் உக்காருததில்லன்னு நானே ரோசிச்சி எழுதுனேன். இந்தப் பக்கத்துப் பொம்பளைகளுக்குப் பொது எடத்துல உக்காருததுல ஒரு தயக்கம் இருக்கு, அது காலங்காலமா வார ஒரு பண்பாடு, வெயில்ல நின்னாலும் நிப்பாவளே தவிர நாலு பேரு பாக்க நெழல்ல உக்கார மாட்டாவன்னு. நல்லா எழுதிருந்தேன். ஒரு பக்கம் முழுசா. நேசக்குமார் சாரு அதுல மேலருந்து கீழ வர ஒரே கோடு போட்டாரு. குறுக்க. எனக்கு அந்தக் கோட்டப் பாத்ததும் வந்த கோவத்துக்கு... ஏன் சிரிக்கிய? இல்ல, நீங்க சிரிச்சிய, நான் பாத்தேன். முந்தானைய வாய்ல வச்சிக்கிட்டாத் தெரியாதா?

சும்மா எழுதலக்கா. கண்ணால பாத்து எழுதுனது. அந்தா, ஐஸ் கம்பெனி செவுத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. நிக்காவளா? இன்னைக்கும் நிக்காவ பாருங்க, பத்துப் பேரு இருக்கும். கைல தூக்குச்சட்டி, தோள்ல பையி. தெனமும் இந்த நேரத்துக்கு வந்துருவாவ. காலைலயும் ஆறரைக்கி ஒரு கூட்டம். கொளுத்துத வெயிலு, செவுத்துல பொட்டு நெழலு கெடையாது, செவுரே அனலா அடிக்கும். அங்கன நிக்காவ. நாப்பது அடி தள்ளி இம்புட்டு நெழலு சும்மா கெடக்கு. நான் எத்தன நாளு இங்கருந்து கையக் காட்டி வாங்க வாங்கன்னு கூப்ட்டிருக்கேன் தெரியுமா? நான் கூப்ட்டா இன்னும் அங்கிட்டு நவுந்து போவாவ. செவுத்துக்கு அங்கிட்டுன்னா எங் கோட்டுக்கு வெளிய. அதனால அவியளுக்குப் புள்ளி கெடையாது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அதுல ஒரு அக்கா மயங்கி விழுந்துட்டா. பச்சக் கலர் சேல. பொத்துன்னு. நான் எல்லாத்தையும் போட்டுட்டு தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு ஓடுனேன். ஓடுதேன், அவிய எல்லாரும் என்னயப் பாத்ததும் முந்தானைய மூஞ்சிக்கு இழுத்து மூடுதாவ. விழுந்து கெடக்குதவளுக்கும் ஒருத்தி மூஞ்ச மூடி விடுதா. தண்ணிய வாங்கவே இல்ல. நான் நடு ரோட்டுல பாட்டிலோட நிக்கேன். அன்னைக்கி ராத்திரிதான் அந்தப் பண்பாடு பத்தி எழுதுனேன். மூஞ்ச மூடுதாவன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்லா?

மயங்குனத எழுதல. கோட்டுக்கு வெளிய.

...என்னக்கா? அந்த அக்காவ ஒங்களுக்குத் தெரியுமா? நல்லா இருக்காவளா? ...சரி. நல்லதுதான்.

எதுல விட்டேன். ஆங், ரிவியூ. நேசக்குமார் சாரு மதிக்கலன்னா என்ன, மதிக்கதுக்கு ஆளு இருக்கு. ரிவியூக்கு வெளிலருந்து ஒருத்தர கூப்ட்டிருந்தாவ. நீலக்கரை டிசைன்ஸ்னு ஒரு கம்பெனி, அவியதான் இந்த ரோட்ட அழகு பண்ணப் போறாவ. அதுல இன்ஜினியரு, செந்தில்முருகன்னு பேரு. அவரு ரெக்ஸு மேப்பத் திரும்பிக்கூட பாக்கல. நேரா எம் மேப்புக்கு வந்து, இந்த வெள்ளையப் பாத்துட்டு மொகமெல்லாம் பல்லு. போட்டோ எடுத்துக்கிட்டாரு. இந்த மாரி தெளிவா ஒரு டேட்டாவ நான் பாத்ததே இல்லன்னாரு. யாரும் வராத எடம்னு ஆதாரம் கெடைச்சிட்டா சோலி ஈசி. மரத்த எடுத்துட்டு, திண்ட ஒடச்சிட்டு, ஊர்ப் பேர ஆளு ஒசர எழுத்துல நிப்பாட்டிரலாம், சனம் வந்து போட்டோ எடுத்துக்கிடும்னாரு. ரிப்போர்ட்டுல ஆய்வு ஜெப்ஸின்னு எம் பேரு போடுதாரு. ரெண்டு மணிக்கி மரத்துல வெட்டுக்குறி போட பெயிண்டோட வாறாவ. நான் ரிப்போர்ட்டுல கையெழுத்து போடணும். அதுக்குத்தான் இன்னைக்கி வந்து உக்காந்திருக்கேன். இல்லன்னா எண்ணித்தான் முடிஞ்சிட்டே.

மரம் பாவந்தான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இதுல மஞ்சப் பூவு சாயங்காலம் செவந்து செவந்து கொட்டும், எம் மேப்பு மேலல்லாம் கெடக்கும். ஆனா டேட்டான்னா டேட்டா. எனக்குப் பிடிச்ச மரம்னு நான் புள்ளி வைக்க முடியுமா?

...என்ன, ஒரு மாரி ஆயிட்டிய. உக்காருங்கக்கா. மயக்கம் கியக்கம் வருதா? ...என்ன கேட்டிய? சத்தமாச் சொல்லுங்க, கண்டெய்னர் லாரி போவுது.

எப்ப எழுதி முடிப்பேன்னா?

எத? ...இதையா? இந்த ரிஜிஸ்தரா? இது முடிஞ்சிட்டே, அதத்தான் இம்புட்டு நேரம் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஏன் கேக்கிய? ...அவிய கேட்டுட்டு வரச் சொன்னாவளா? யாரு, செவுத்துப் பக்கம் நிக்குதவியளா? அதுக்கா நீங்க வந்திய? அத வந்ததுமே கேட்டுருக்கலாம்லா. ...நான் பேச விடல. சரி. சரி, அது எந் தப்புதான்.

எழுதி முடிச்சா என்ன செய்வாவ? ...இங்கன வந்து உக்காருவாவளா?

யக்கா, நில்லுங்க. ஒண்ணும் வெளங்கல எனக்கு. அவிய இங்கன உக்கார மாட்டாவல்லா? நாப்பத்தேழாம் பக்கம்... எப்பமும் உக்காருததுதானா? எத்தன வருசமா? ...இந்தத் திண்டு கட்டுனதுலருந்தா. இப்பம் செவுத்துகிட்ட வந்து நிக்குத மீன் கம்பெனி வேனு முன்னால நின்னது இங்கனதானா? நீங்க எல்லாரும் கம்பெனிக்கு எறாலு உரிக்கப் போறவியளா? அப்பம் ஆம்பளையாளு ஏன் ஒருத்தனும் இங்கன வந்து உக்காரல? ...ஓ. இது பொம்பளையாளு எடம்னு டீக்கடைல இருக்குதவன் அம்புட்டு பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியல.

சரி, இருந்துட்டுப் போவட்டும், நான் ஒருத்திதான உக்காந்திருந்தேன்? இருவது பேரு உக்காருத எடம். நான் என்ன குறுக்கயா படுத்திருந்தேன்? பக்கத்துல வந்து உக்காந்தா கடிச்சா வைப்பேன்?

...மொத நாளா?

மொத நாளு நான் என்ன கேட்டேன்? அது ட்ரையல்லா, மொத நாளு. அத கணக்குல சேக்கக் கூடாதுன்னு ரூலு. அந்தப் பேப்பர கிழிச்சிட்டேன். அன்னைக்கி... ஆமா. இருந்தாவ. பதினோரு பேரு. இந்தப் பக்கம் ஒரு அக்கா கால மடக்கிக்கிட்டு பிச்சிப்பூ கெட்டிக்கிட்டு இருந்தா. நான் போயி உக்காருங்க உக்காருங்க, எந்திக்க வேண்டாம், ஒங்களப் பத்தி எழுதத்தான் வந்திருக்கேன்னு சொன்னேன். பேரு கேட்டேன். எந்தக் கம்பெனின்னு கேட்டேன். எந்த வேனு, எத்தன மணிக்கி ஏறுவியன்னு கேட்டேன். கேக்க கேக்க எந்திச்சிப் போயிட்டாவ. அது வழக்கமா கேக்குத கேள்விதான். சனம் எங்கருந்து வருது, எங்க போவுதுன்னு தெரியணும்லா? அதுல என்ன...

அதுல என்னக்கா?

...ம்.

...ரெண்டு கம்பெனி. பேரு பதிஞ்சிருக்குதது ஒண்ணுல. எறாலு வராத அன்னைக்கி அந்தக் கம்பெனில சோலி கெடையாது, ஆனா வேற எடத்துக்கும் போவக் கூடாது. நீங்க சத்தங்காட்டாம அடுத்த கம்பெனி வேன்ல ஏறிருவிய. ஏறுதது இங்கன வச்சி. அங்க தெரிஞ்சா ரெண்டு எடத்துலயும் சோலி கெடையாது. போன வருசம் ஒரு சூப்பர்வைசர் பொம்பளைய விட்டு, யாரு எந்த வேன்ல ஏறுதான்னு எழுத வச்சாவளா? மூணு பேர சோலிய விட்டு நிப்பாட்டிட்டாவளா? அவ எப்படி இருந்தா? ...வெள்ளத் தொப்பி. கைல ரிஜிஸ்தரு.

கர்த்தரே.

ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன் நான். எந்த வேனுன்னு வேற கேட்டிருக்கேன். அதுக்குப் பெறகு பத்தொம்பது நாளும் நான் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ தலைய நிமித்தி நிமித்தி... அந்த அக்கா விழுந்தப்பம் ஏன் மூஞ்ச மூடுனிய... நான் அத ஒரு பக்கம் எழுதிருக்கேன். பண்பாடுன்னு எழுதிருக்கேன். மூணு புக்குலருந்து மேற்கோள் வேற.

சொல்லிருக்கக் கூடாதா? நான் கம்பெனி ஆளு இல்லன்னு மூஞ்சப் பாத்தாத் தெரியாதா? ...தெரியாது. சரி. எப்படித் தெரியும். கம்பெனி ஆளுன்னா நான் கம்பெனி ஆளுன்னு சொல்லிக்கிட்டா வருவா. நாப்பது பேரும் இல்லம்மா இல்லம்மான்னா, நான் ஒத்துப் போவுது ஒத்துப் போவுதுன்னு குதிச்சிக்கிட்டு இருந்திருக்கேன். அந்த ரெக்ஸு வாய்ல வந்தத ஒளறுனான், அது போயி நெசமாயிட்டே. அவன்ட்ட மட்டும் யாரும் சொல்லிராதிய. கேட்டியளா? அவன் சாவுத வரைக்கும் சொல்லிக் காட்டுவான்.

பேசாம இருங்க, கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நீங்க பேசலதான். நான் எனக்குச் சொல்லுதேன்.

மணி என்ன? ஒண்ணு அம்பது. பெயிண்ட்டு வந்துரும். இப்பம் நான் என்ன செய்ய? இந்தா இந்த மேப்ப வச்சித்தான் மரத்த வெட்டப் போறானுவ. எம் பேரோட. இவியள்லாம் அடுத்த வருசமும் அந்தச் செவுத்துலதான் நிப்பாவ, இங்கன எவனாவது எழுத்து முன்னாடி நின்னு பல்லக் காட்டிக்கிட்டு இருப்பான். நான் போயி சைபரு தப்பு, இங்கன பொம்பளையாளு உக்காருவாவன்னு சொல்லலாம். யாருன்னு கேப்பாரு. எத்தன பேரு, எப்பம் வாறாவ, என்னத்துக்குன்னு கேப்பாரு. எழுதிக் குடுன்னுவாரு. ஒரு கையெழுத்து போடுவியளாக்கா? நீங்களும் அந்தப் பச்ச சேல அக்காவும், இன்னும் ரெண்டு பேரும்...

...போவாதிய போவாதிய. கேக்கல. நான் கேக்கல. வாய்ல வந்துட்டு, பழக்கம். பேனாவ உள்ள வச்சிட்டேன் பாருங்க. ரிஜிஸ்தர பைக்குள்ள போட்டு ஜிப்பு போட்டுட்டேன். இந்தா, தொப்பியும் கழத்தியாச்சி. ஜாக்கெட்டும். சவம், இது வேற மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. ஆச்சி.

வேனு வருது போல இருக்கே. அது எந்தக் கம்பெ... இல்ல, சொல்லாதிய. எனக்குத் தெரிய வேண்டாம். அவியள வரச் சொல்லுங்கக்கா. சுத்திக்கிட்டு செவுத்துப் பக்கம் போயி ஏற வேண்டாம், நெழல்லயே வந்து ஏறட்டும். கையக் காட்டுங்க. நான் கூப்ட்டாத்தான் நவுந்து போவாவ, நீங்க கூப்டுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். இந்தா, கடலப் பாத்துக்கிட்டு நிக்கேன். பாருங்க, கண்ணையும் மூடிக்கிட்டேன். பத்தொம்பது நாளும் பாத்தது போதும்.

மெதுவா வாங்க. அவசரமில்ல. ...வேனு வந்து நிக்குத வரைக்கும் ரெண்டு நிமிசம் உக்காருததுன்னாலும் உக்காருங்க. ஏதோ வளையல் சத்தம் கேக்கு. நான் பாக்கல. சிரிக்குத சத்தமும் கேக்கு. என்னயப் பாத்துத்தான், பரவால்ல, சிரிங்க.

பச்ச சேல அக்கா இருக்காவளா? அவியட்ட சொல்லுங்க, அன்னைக்கி தண்ணி... இல்ல, அத நானே ஒரு நாளு சொல்லிக்கிடுதேன்.

ஏறியாச்சா? ...அக்கா? ...எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டேன்.

போயிட்டாவ.

...இல்ல சார், யார்ட்டயும் பேசல. சும்மா கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன். வணக்கம் செந்தில்முருகன் சார், வாங்க. பெயிண்ட்டு டப்பாவ அங்கிட்டே வைங்க, மரத்துகிட்ட வேண்டாம். கையெழுத்து போடுதேன், அதுக்கு முன்னால ரிப்போர்ட்டுல ஒரு திருத்தம் இருக்கு. அந்த சைபரு தப்பு. ...ஆமா சார், நாந்தான் எண்ணுனேன், நாந்தான் தப்புன்னும் சொல்லுதேன். இதுல ஃபெயிலாகி ஒரு வருசம் போனாப் போவுது, நேசக்குமார் சார்ட்ட நானே சொல்லிக்கிடுதேன். ...வேனா? எந்த வேனு? நான் பாக்கல சார். எத்தன பேரு, எங்கருந்து வந்தாவ, ஒண்ணும் தெரியாது எனக்கு. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஆளு.

அந்த ஆளு பத்தொம்பது நாளு இங்கன வந்து உக்காந்திருக்கா சார். காலைல ஆறுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு புள்ளின்னு நீங்களே பெருக்கிக்கிடுங்க. ரெக்ஸு மேப்பையும் சேத்து வச்சிப் பாருங்க, இந்தக் கடற்கர ரோட்டுலயே ஒரே எடத்துல அம்புட்டு நேரம் குந்தி இருந்த ஆளு வேற கெடையாது. அவளுக்குப் புள்ளி வைக்க விட்டுப் போச்சி.

...நாந்தான் சார். நாந்தான் உக்காந்திருந்தேன்.

ஏன் இங்கனன்னா? வேற எங்கன சார் உக்காரச் சொல்லுதிய? இந்த ரோட்டுல வேற எங்கன நெழலு கெடக்கு?